ஓரத்துக்குக் கூலி உண்டா?

இன்றைக்கு லேஸ் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் :-)

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு பையனின் பையில், காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரோல் சிவப்பு லேஸ் இருந்தால் வகுப்பில் என்னென்ன கேள்விகள் வரும் என்று உங்களுக்கே தெரியும். ("யாருக்குடா மாப்ள?" என்று ஆரம்பித்து...) ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே. அந்த லேஸ் ஒரு போர்வையின் ஓரத்துக்கு. போர்வை தைக்கிறவர் என் அம்மா. கணக்கு எழுதுகிறவன் நான்.

எங்கள் ஊர் சீர்காழி. அம்மா வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். சட்டைநாதர் கோயில் கொண்டிருக்கிற ஊரில் தையல்காரிக்கு வேலை இல்லாமலா போய்விடும் என்பது அவருடைய பழைய ஜோக். போர்வை தைக்க ஆரம்பித்தது மழையால்.

2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த அப்பாயியின் தகரப்பெட்டியை யாரும் நினைக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திறந்தால் உள்ளே எட்டுப் புடவைகள், எட்டிலும் துருக்கறை. துரு சாதாரண அழுக்கு மாதிரி சோப்புக்குப் போகாது. எலுமிச்சம்பழம் தேய்த்தால் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கூட விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். அப்பாயிக்குத் தூக்கிப் போட மனசில்லை. "போர்வையா தைச்சுடும்மா" என்றது.

பழம்புடவைப் போர்வை தெரியாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம் சொச்சம். போர்வைக்கு 90 அங்குல நீளம் வேண்டும். ஒரு புடவையில் இரண்டு துண்டு வரும். இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எடுத்தபிறகு அகலம் 41 அங்குலம் நிற்கும். ஒன்றரைத் துண்டைச் சேர்த்தால் 60 அங்குல அகலத்தில் ஓர் அடுக்கு. ஆக மூன்று புடவையில் நான்கு அடுக்கு, ஒரு போர்வை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, குண்டூசி குத்தி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் மேலிருந்து கீழே ஓட்டித் தைத்தால் பஞ்சே இல்லாமல் மார்கழிப் பனிக்குப் போதுமான கனம் வந்துவிடும். எட்டில் ஆறு புடவை இப்படி இரண்டு போர்வையானது.

பிரச்சினை இதற்கப்புறம்தான். வரித்தையல் எல்லாம் முடிந்தபிறகும் ஓரத்தில் நான்கு அடுக்கும் நான்கு வாயாகத் திறந்து கிடக்கும். முதல் போர்வைக்கு அம்மா மேல்துணியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அதையே பின்பக்கம் மடித்து அடித்துவிட்டார். சுலபமான வழி. அப்பாயி அதைக் கையில் வாங்கி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தது.

"ஏம்மா, ஓரம் மொட்டையா கெடக்கே?"

"போத்திக்கறதுக்குத்தானே அத்தை. கண்காட்சியிலயா வைக்கப் போறோம்?"

"அழகுக்குச் சொல்லல. ஆத்துக்குக் கரை இல்லன்னா தண்ணி நிக்குமா? பொடவைக்குக் கரை இல்லன்னா நூலு நிக்குமா?"

கொள்ளிடக்கரை எப்போது உடையும் என்று ஒவ்வொரு மழைக்கும் பயந்துகொண்டே வாழ்ந்த மனுஷி. கரை என்றால் அதற்கு விளையாட்டு இல்லை.

மொட்டைப் போர்வை அப்பாவுக்குப் போனது. கரை கட்டிய இரண்டாவது அப்பாயிக்கு. இரண்டும் ஒரே மாதம் தைத்தவை, ஒரே பெட்டிப் புடவைகள், ஒரே துவைக்கிற கல். இரண்டு வருடத்தில் அப்பாவின் போர்வை ஓரம் முழுக்கக் கிழிந்து உள்துணி எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒரு பொத்தல் இல்லை. அப்பாயியின் போர்வையில் தலைப்பக்க லேஸை மட்டும் ஒரு தடவை மாற்றினோம். துணி அப்படியே இருக்கிறது. இதைவிட நல்ல பரிசோதனையை நான் எந்த லேபிலும் பார்த்ததில்லை (காமர்ஸ்காரனுக்கு லேப் ஏது என்று கேட்காதீர்கள்).

காரணம் யோசித்தால் எளிதுதான். போர்வையை இழுக்கும்போது கை பிடிப்பது ஓரத்தை. கொடியில் போட்டு உதறும்போது ஓரத்தில் பிடித்துத்தான் உதறுகிறோம். கல்லில் அடிக்கும்போது முதலில் போய் விழுவது ஓரம். அதோடு துணியை மடித்த இடத்தில், மடிப்பின் முதுகில் இருக்கிற நான்கைந்து இழைகள்தான் மொத்த உராய்வையும் வாங்குகின்றன. அவை அறுந்தால் அடுத்தவை. ஓரத்தில் தனியாக ஒரு பட்டி வைத்து, அதையும் இரட்டையாக மடித்து, அதன்மேல் லேஸும் வைத்தால் தேய்வது அந்தப் பட்டியும் லேஸும்தான். தேய்ந்தால் பிரித்து எறிந்துவிட்டு வேறு வைக்கலாம். நம் பாடப்புத்தக பாஷையில் சொன்னால் போர்வைத்துணி முதலினச் செலவு, லேஸ் வருவாயினச் செலவு. அலங்காரம் என்று நாம் ஒதுக்கிவைக்கிற சாமான்தான் மேல்துணியின் ஆயுளை நீட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு உபயோகம் எனக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. தலைமாடு, கால்மாடு என்று சொல்வோமில்லையா? நேற்று காலில் கிடந்த பக்கம் இன்று மூஞ்சியில் படக்கூடாது. அதற்கு அடையாளம் ஓரம்தான். அப்பாயியின் போர்வையில் தலைமாட்டுக்குக் குரோஷா மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கிற காட்டன் லேஸ், கால்மாட்டுக்கு வெறும் பட்டி. அதற்குக் கண்ணில் புரை. ராத்திரி கரண்ட் போனாலும் விளக்கு கேட்காது. ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவி, முடிச்சு தட்டுப்பட்டதும் அந்தப் பக்கத்தைக் கழுத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

மீதி இரண்டு புடவைகளில் ஒன்று அதன் கல்யாணக் கூறை. மாயவரம் கூறைநாட்டில் நெய்த, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம்போட்ட புடவை. உடலெல்லாம் துரு, கரை மட்டும் தப்பித்திருந்தது. அந்தக் கரையைத்தான் ஓரத்துக்கு வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கே வைப்பது? தலைமாட்டில் வைத்தால் ஜரிகை கழுத்தைச் சுரண்டும். கால்மாட்டில் வைக்கலாமா? கல்யாணக் கூறையைக் காலிலா? வாயில் போட்டுக்கொண்டது அப்பாயி. இரண்டு நாள் வீட்டில் இதுதான் பேச்சு. கடைசியில் இடது வலது இரண்டு நீளப் பக்கங்களுக்கும் வைத்தார்கள். இரண்டு 90 அங்குலம், மொத்தம் நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கக் கரையே போதுமாக இருந்தது. இன்னொரு பக்கக் கரை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, "தேஞ்சா மாத்திக்கலாம்".

"மொட்டை" என்ற வார்த்தை மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததில் கொஞ்சம் தேடிப் படித்தேன். கர்நாடகாவில் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் சித்திகள் என்று ஒரு சமூகம் இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினர். பலருடைய முன்னோர் போர்ச்சுக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அங்கே பெண்கள் பழந்துணியில் தைக்கிற போர்வைக்குப் பெயர் கவந்தி. அவர்கள் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தோடு ஓரமாகச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்களாம். நாம் கடைசியில் செய்கிற ஓரம் அவர்களுக்கு முதல் வேலை. நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கிப் பூ வைப்பார்கள். அதற்குப் பெயரே 'பூலா', பூ என்றுதான் அர்த்தம். பூலா இல்லாத கவந்தி நிர்வாணமாக இருக்கிறது என்பார்களாம் பெரியவர்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹென்றி டிரூவல் என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அப்பாயிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அதானே" என்றது. ஆச்சரியமே படவில்லை.

அதே மடித்த முக்கோணம் அமெரிக்கக் குயில்ட்களின் ஓரத்திலும் வரிசையாக வருகிறது, 'பிரெய்ரி பாயின்ட்ஸ்' என்கிறார்கள். அம்மா அதை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு இரண்டு அங்குலச் சதுரத் துணியில் மடித்துப் பார்த்தார். அழகாகத்தான் வந்தது. ஒரு போர்வைக்கு எத்தனை முக்கோணம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன், 150ஐத் தாண்டியது. மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார் :-)

நம் பக்கத்தில் துணியின் ஓரத்தைக் கொண்டாடுகிறவர்கள் தேர்ச்சீலை தைப்பவர்கள். திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு உயரத்தில் மேல்பாதி மூங்கிலும் துணியும்தான். சுற்றிலும் உருளையாகத் தொங்கும் தொம்பைகள், சிவப்பு மஞ்சள் பச்சை என்று துணியை வெட்டி ஒட்டித் தைத்த பூக்கள், கீழே குஞ்சம். தேர் அசைந்தால் அது அசையும், அசைவதற்காகவே அது இருக்கிறது. ஆனால் தேர்ச்சீலையை யாரும் வாரா வாரம் கல்லில் அடித்துத் துவைப்பதில்லை. எங்களிடம் போர்வை கேட்கிறவர்களில் பாதிப் பேர் குஞ்சம் வைக்கச் சொல்கிறார்கள். அம்மா வைப்பதில்லை. பத்து துவைப்பில் பாதி பிய்ந்துவிடும். கைக்குழந்தைப் போர்வை என்றால் குஞ்சமும் கிடையாது, பாம்பாம் லேஸும் கிடையாது. பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், நூல் விரலில் சுற்றிக்கொள்ளும். எவ்வளவு காசு கொடுத்தாலும் அதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை.

லேஸ் எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. ஃபேன்ஸி ஸ்டோரில் பளபளவென்று முதலில் எடுத்துக் காட்டுவது பாலியஸ்டர் லேஸ். துணி பருத்தி. முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, ஓரம் முழுக்க அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். காட்டன் லேஸ் வாங்கி, தைப்பதற்கு முன்பே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும். சிவப்பு, நீலம் என்றால் ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அந்த லேஸ் போர்வைக்கு ஆகாது.

நீளக் கணக்கு: 90 + 60 + 90 + 60 = 300 அங்குலம், 7.62 மீட்டர். மூலைகளுக்குக் கொஞ்சம் சேர்த்து 8 மீட்டர். நாங்கள் வாங்கும் ரோல் 9 மீட்டர், சரியாக ஒரு போர்வை. சுருக்கு வைத்து ஃப்ரில் மாதிரி வேண்டுமென்றால் இரண்டு மடங்கு.

இனி கூலிக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன வருடம் வெளியூரிலிருந்து ஒருவர் தன் வீட்டுப் புடவைகளைக் கொண்டுவந்து இரண்டு போர்வை தைக்கச் சொன்னார். லேஸ் கண்டிப்பாக வேண்டும், சுற்றிலும் வேண்டும் என்றார். அம்மா தைத்துக் கொடுத்தார். நான் பில் எழுதினேன். ஒரு போர்வைக்கு உடல் தையல் 500, ஓரத் தையல் 300, லேஸ் 120. பார்த்தவர் நடு வரியில் விரலை வைத்தார். "லேஸுக்குத்தான் காசு போட்டுட்டீங்களே. அதை ஓரத்துல வெச்சு ஒரு ஓட்டு ஓட்டறதுக்குத் தனியா 300ஆ?" அம்மா சிரித்துக்கொண்டே "சரி விடுங்க" என்று 600 ரூபாயைக் கழித்துவிட்டார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த போர்வைக்கு வாட்ச் வைத்து உட்கார்ந்தேன். உடல் தையல் 4 மணி நேரம். ஓரம் 3 மணி 10 நிமிடம். ஏனென்றால் "ஒரு ஓட்டு" என்பது பாதி வேலைகூட இல்லை. முன்பக்கம் மிஷினில் பட்டியையும் லேஸையும் சேர்த்துப் பிடிக்க அரைமணி. மூலையில் பட்டி மடங்கி 45 டிகிரியில் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் அங்கே முடிச்சு மாதிரி துருத்தும். நான்கு மூலைக்கு இன்னொரு அரைமணி. பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, கையால் ஹெம்மிங். அங்குலத்துக்கு நான்கு தையல். 300 அங்குலத்துக்கு 1200. ஊசி நான்கு அடுக்குக்குள்ளும் போகாமல் பின்துணியை மட்டும் கடித்து எழ வேண்டும், அப்போதுதான் முன்னால் தெரியாது. தெரியாமல் செய்வதால்தான் காசு கொடுக்கிறவருக்கும் அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வகுத்துப் பார்த்தேன். உடல் தையலில் மணிக்கு 125 ரூபாய். ஓரத்தில் மணிக்கு 95கூட வரவில்லை. அதாவது அம்மா ஏற்கனவே ஓரத்துக்குக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறார். அதையும் விட்டுக்கொடுத்த பிறகு ஏழு மணி பத்து நிமிட உழைப்புக்கு 500, மணிக்கு 70 ரூபாய்.

வேடிக்கை என்னவென்றால் வரி அட்டவணைக்கு இந்த வித்தியாசமெல்லாம் நன்றாகத் தெரியும். எச்.எஸ்.என். பட்டியலில் போர்வை, மெத்தை வகையறா 9404. லேஸ் 5804. குஞ்சத்துக்கும் பாம்பாமுக்கும் அலங்காரப் பின்னலுக்கும் 5808 என்று தனி எண்ணே இருக்கிறது. அடுத்தவர் கொடுத்த துணியைத் தைத்துக் கொடுத்தால் அது பொருளே அல்ல, சேவை, 9988. எண் தெரியாமல் பரீட்சைக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும் ;-) அம்மாவின் வருமானத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவெல்லாம் ரொம்பத் தூரம். இருந்தாலும் லேஸ் என்ற சாமானுக்கு விலை உண்டு, அதைத் தைக்கும் கைக்கு விலை இல்லை என்கிற கணக்கை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. மூலப்பொருளைத் தயாரான பொருளாக மாற்றுகிற கூலியும் அடக்கவிலையில் சேரும் என்றுதான் படித்திருக்கிறேன்.

அம்மாவின் யோசனை வேறு. "உடல் தையல் 800ன்னு போட்டுட்டு ஓரம் ஃப்ரீன்னு சொல்லிடலாம்டா. சந்தோஷமா குடுத்துட்டுப் போவாங்க." வியாபாரத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம், ஒத்துக்கொள்கிறேன். நம் மார்க்கெட்டிங் பேப்பரில் அதற்குத்தான் மார்க். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று மணி நேரம் குனிந்து கழுத்து வலிக்கச் செய்கிற வேலையை, செய்தவரே இலவசம் என்று எழுதிக் கொடுப்பதா? ஒரு வாரம் சண்டை. அப்பாயி நடுவராக இருந்து, "எழுதறவன் அவன், எழுதட்டும்" என்று தீர்ப்புச் சொன்னது.

இப்போது பில்லில் இப்படி எழுதுகிறேன்: "ஓரத் தையல், 300 அங்குலம், கைத்தையல் 1200 - ரூ. 300". இப்படி எழுத ஆரம்பித்தபிறகு ஐந்து போர்வை போயிருக்கிறது. நான்கு பேர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்கள். ஐந்தாவது அம்மாள் கடைசி வரை பேரம் பேசி 250 கொடுத்தார். ஒருவர் மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்து ஓர் அங்குலத்தை நிஜமாகவே எண்ணிப் பார்த்தார். ஐந்து இருந்தது.

இப்போதைக்குக் கையில் இருப்பது காரைக்காலிலிருந்து வந்த ஆர்டர். மூலைகள் வட்டமாக வேண்டுமாம். வட்டத்துக்கு நேர்ப்பட்டி மடங்காது, கிராஸ் துணிதான் வளையும். இழை நேராக இருந்தால் துணி நீளாது, குறுக்காக வெட்டினால் கட்டமெல்லாம் சாய்சதுரமாகி இழுபடும், அதனால். இரண்டங்குலப் பட்டியாக 8 மீட்டருக்கு முக்கால் மீட்டர் துணி போதும். துணியைக் குழாய் மாதிரி மூட்டிச் சுற்றிச் சுற்றி வெட்டினால் ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக வந்துவிடும் என்று அம்மா காட்டிக் கொடுத்தார். பட்டி தயார். லேஸ்தான் பாக்கி. கும்பகோணம், மாயவரம் பக்கம் காட்டன் லேஸ் ரோல் கணக்கில் கிடைக்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அரை அங்குல அகலம், வெள்ளை அல்லது சிவப்பு. பாலியஸ்டர் வேண்டாம்.